கிடைக்காத நான்காம் இதழ்

பள்ளி நாட்களில் மனத்தை விட்டு அகலாத ஒருவரைப் பற்றி எழுதுமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். தலைமையாசிரியர்களைப் பற்றியும் கால்பந்துக் குழுவைப் பற்றியும் எழுத நம்மில் வேறு பலர் இருப்பதால், நான் மாங்கொக்கைப் பற்றி எழுதுகிறேன். 1979-இல் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் இந்தப் பெயரைப் பார்த்தவுடன் சிரித்துவிடுவார்கள். மற்றவர்களுக்குச் சற்று விளக்கம் தேவைப்படும்.

வேலூர் லாங்கு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில், பழைய பேப்பரை எடைக்கு வாங்கி எடைக்கு விற்கும் கடை ஒன்று இருந்தது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்துபோன வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊரைவிட்டுப் போகும்போது கழித்துப்போட்ட தாள்களும் அங்கு வந்து சேரும் என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். அப்படி வந்த கட்டு ஒன்றில்தான் 'தோர்' என்னும் அமெரிக்கச் சித்திரக்கதை இதழ்கள் மூன்று எனக்குக் கிடைத்தன. எண்கள் 154, 155, 156, ஆண்டு 1968, அட்டையில் விலை பன்னிரண்டு சென்ட். முக்கால் ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. கதை ஸ்டான் லீ, ஓவியம் ஜாக் கிர்பி. ஒரே கதை நான்கு இதழ்களில் தொடர்ந்து முடிகிறது என்பதும், முடிவு இருக்கும் 157-ஆம் எண் அந்தக் கட்டில் இல்லை என்பதும் வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான் தெரிந்தன. மறுநாள் ஓடிப்போய்க் கட்டு முழுவதையும் பிரித்துத் தேடியதற்குக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட ஐரோப்பியப் பழங்கதைகளின் தேவர்கள் வாழும் இடம் ஆஸ்கார்டு. அவர்களுக்கு அரசன் ஓடின். அவன் மகன் தோர், கையில் சம்மட்டி ஏந்தியவன். பாதாளத்தில் பாறைகளைக் குடைந்துகொண்டிருக்கும் யூலிக் என்னும் பூதம், சிறைவைத்து மூடப்பட்டிருந்த ஒரு குகையைத் திறந்துவிட, உள்ளிருந்து வெளிப்படுகிறான் ஒருவன். கொம்பும் கோரைப்பல்லும் நீண்ட வாலும் உடைய அவன்தான் Mangog என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்த அரக்கன் என்று எழுதத் தோன்றினாலும், எங்கள் வாயில் அவன் முதல் நாளிலிருந்தே மாங்கொக்குதான்.

அவன் தனியொருவன் அல்லன் என்பதுதான் கதையின் உயிர். முன்னொரு காலத்தில் ஆஸ்கார்டின் மீது படையெடுத்து வந்த ஓர் இனத்தை ஓடின் அடியோடு அழித்துவிட்டான். மாண்டுபோன அத்தனை பேருடைய வலிமையும் வெறுப்பும் திரண்டு எழுந்த ஓர் உருவமே மாங்கொக்கு. அவர்களின் தொகை 'பில்லியன் பில்லியன்' என்று போட்டிருந்தது. ஓடினின் பெருவாள் ஒன்று ஆஸ்கார்டில் உறைக்குள் உறங்குகிறது. அதை முழுவதும் உருவினால் அண்டசராசரமும் அழிந்துபோகும். அதை உருவத்தான் அவன் வருகிறான். ஓடினோ எழுப்ப முடியாத நெடுந்துயிலில் கிடக்கிறான். தோர் தடுக்கிறான், விழுகிறான், எழுகிறான், மறுபடி விழுகிறான். மூன்றாம் இதழ் முடிந்தும் மாங்கொக்கு நின்றபாடில்லை.

பில்லியன் என்றால் எவ்வளவு என்பதிலேயே வகுப்பு இரண்டுபட்டது. அமெரிக்கக் கணக்கில் அது நூறு கோடி. எங்கள் கணக்காசிரியர் படித்த பழைய ஆங்கிலேயக் கணக்கில் லட்சம் கோடி. ஆகவே மாண்டவர்களின் எண்ணிக்கைக்கு ஒன்றை அடுத்துப் பதினெட்டுச் சுழியமா இருபத்து நான்கு சுழியமா என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தமிழையா உள்ளே நுழைந்தார். பலகையைப் பார்த்தார், என் மேசைக்கு அடியில் கையை விட்டார், மூன்று இதழ்களும் போயின.

ஐயா செய்யாறு பக்கத்துக் கிராமத்துக்காரர். அவருடைய உறவினர்கள் தெருக்கூத்து ஆடுகிறவர்கள். நன்றாகக் குரல் ஏற்றி இறக்கிப் பாடம் நடத்துவார். கோபம் வந்தாலும் அதே குரல்தான். அன்று அடி நிச்சயம் என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் முதல் இதழின் அட்டையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யார் இவன்?" என்றார்.

"மாங்கொக்கு, ஐயா."

"கொக்கு என்றாலே மாமரம்தானடா. மாங்கொக்கு என்றால் மாமரமாமரமா?" என்றவர், எங்கள் முகத்தில் ஒன்றும் விளங்காததைக் கண்டு, நிகண்டில் கொக்கு என்னும் சொல்லுக்கு மாமரம் என்ற பொருளும் உண்டு என்றும், கடலுக்கு நடுவே மாமரமாய் நின்ற சூரனை முருகன் பிளந்ததால் புலவர்கள் அந்தச் சொல்லை அங்கே விரும்பி வைப்பார்கள் என்றும் விளக்கினார். பிறகு, "சரி, கதையைச் சொல்" என்றார். கையை நீட்டியபடியே நான் கதை சொன்னேன். கையை இறக்கச் சொல்ல அவருக்கு நினைவு வரவில்லை.

இராமாயணத்தின் எழுபது வெள்ளம் (வெள்ளம் என்பது ஒரு பேரெண்) வானர சேனையைக் கேட்டு வளர்ந்த மனிதருக்குச் சுழியங்கள் ஒரு பொருட்டாகவே இல்லை. ஓடின் ஓர் இனத்தையே அழித்தான் என்ற இடத்தில்தான் அவர் நிமிர்ந்தார். "அப்படியென்றால் இவன் வெளியிலிருந்து வந்த பகைவன் இல்லை. ஓடின் செய்து வைத்ததுதான் எழுந்து வருகிறது" என்றார். அந்த வாக்கியத்தை நான் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்; தேர்வுக்கு வரும் என்ற எண்ணத்தில் அல்ல.

இதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவன், "ஐயா, அவன் நம்ம ஊருக்கு வந்தா இன்னா பண்ணுவான்? இங்கதான் சாமியே இல்லியே" என்றான். வகுப்பே சிரித்தது, ஐயாவும் சிரித்தார். கோட்டை உண்டு ராஜா இல்லை, கோயில் உண்டு சாமி இல்லை, ஆறு உண்டு தண்ணீர் இல்லை என்று வேலூரைச் சொல்லும் பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயில் அப்போது தொல்லியல் துறையின் பொறுப்பில், வழிபாடு இல்லாமல், வௌவால்களும் சிற்பம் பார்க்க வருகிறவர்களுமாக இருந்தது. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981-இல்தான் அதைக் கொண்டுவந்து மீண்டும் வைத்தார்கள். அந்தக் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் யாளிகளின் காலடியில் உட்கார்ந்துதான் நான் அந்த மூன்று இதழ்களையும் முதன்முதலில் படித்தேன் என்பதால், தேவர்கள் ஒருவர்கூட எதிரே நிற்காத வெறும் மண்டபத்துக்குள் மாங்கொக்கு நடந்துபோவதாகவே இன்றும் என் கற்பனையில் படம் ஓடுகிறது.

வகுப்பு முடியுமுன் ஐயா ஒரு பந்தயம் வைத்தார். நான்காம் இதழில் என்ன நடக்கும் என்று எல்லோரும் ஒரு பக்கம் எழுத வேண்டும். பெரும்பாலோர் தோர் அவனைச் சம்மட்டியால் அடித்துக் கொன்றுவிடுவதாக எழுதினோம். நான் இடியையும் சேர்த்துக்கொண்டேன். ஐயா எல்லாவற்றையும் படித்துவிட்டு, "கொன்றதால் பிறந்தவனைக் கொன்று எப்படியடா தீர்ப்பது?" என்று கேட்டார். அவர் சொன்ன முடிவு கந்தபுராணம் பாடிய கச்சியப்பரிடமிருந்து வந்தது. அசுரர் குலம் தேவர்களிடம் நொந்து தாழ்ந்திருந்த வேளையில், அதை நிமிர்த்துவதற்கென்றே காசிபருக்கும் மாயைக்கும் பிறந்தவன் சூரபன்மன். ஆயிரத்தெட்டு அண்டங்களையும் நூற்றெட்டு யுகம் ஆளும் வரம் வாங்கியவன். தேவர்களைச் சிறையில் அடைத்து ஏவல் கொண்டவன். அப்பேர்ப்பட்டவனையும் வேல் இரண்டாகப் பிளந்ததே தவிர அழிக்கவில்லை. ஒரு பாதி மயிலாயிற்று, மறு பாதி சேவலாயிற்று. ஒன்றின் மேல் ஏறிக்கொண்டு மற்றொன்றைக் கொடியில் வைத்துக்கொண்டான் முருகன். "உங்கள் வெள்ளைக்காரனும் இவனை எதுவாகவாவது மாற்றத்தான் வேண்டும். வேறு வழி அவனுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டு இதழ்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சூரனை நான் அதற்கு முன்பே மிக அருகில் பார்த்திருந்தேன். ஆற்காட்டை அடுத்த என் பாட்டி ஊரில் ஐப்பசிச் சஷ்டியன்று சூரசம்காரம் நடக்கும். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு இருக்கும் சூரன் பொம்மை சக்கரம் வைத்த சட்டத்தின் மேல் உருண்டு வரும். ஒவ்வொரு முறை வேல் பட்டதும் திரையை இழுத்து மூடித் தலையை மாற்றுவார்கள். முதலில் யானைத்தலைத் தாரகன், பிறகு சிங்கமுகன், பிறகு மீசை முறுக்கிய சூரன், அதன் பிறகு மாவிலைக் கொத்து, கடைசியில் சேவல். எட்டு வயதில் நான் கூட்டத்தில் நுழைந்து பொம்மைக்குப் பின்னால் போய்விட்டேன். அங்கே ஒரு கோணிப்பையில் கழற்றிய தலைகள் கிடந்தன. பையின் வாய்க்கு வெளியே யானையின் தும்பிக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சட்டத்துக்குள் குனிந்து நின்ற ஆள் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "தம்பி, அந்தச் சேவலை இப்படித் தள்ளு" என்றார். மாண்டவர்கள் எல்லோரும் ஓர் உடம்புக்குள் அடுத்தடுத்துத் தலை நீட்டுகிறார்கள் என்று மாங்கொக்கைப் பற்றிப் படித்தபோது, என் கண்ணுக்கு வந்தது அந்தக் கோணிப்பைதான்.

பத்தாம் வகுப்பின் கடைசி நாளில் ஐயா இதழ்களைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றின் உள்ளட்டையிலும் சிவப்பு மையில் 'பறிமுதல், 9 ஆ' என்று எழுதியிருந்தது. இரண்டாம் இதழின் ஓரங்களில் பென்சிலால் அருஞ்சொற்பொருள் வேறு குறித்திருந்தார்.

டொராண்டோவுக்கு நான் வந்தது 1990-இல். மறு ஆண்டுக் குளிர்காலத்தில், பழைய சித்திரக்கதை விற்கும் ஒரு கடையில், பிளாஸ்டிக் உறைக்குள் நிமிர்ந்து நின்றது 157. பன்னிரண்டு சென்ட் இதழுக்கு நான் கொடுத்த டாலர் எத்தனை என்பது இன்றுவரை என் வீட்டம்மாவுக்குத் தெரியாது. இம்மலர் அவர் கைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கடை வாசலிலேயே, கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தேன். வாளின் மேல் மாங்கொக்கின் கை விழுந்துவிட்ட கடைசி நொடியில் ஓடின் விழித்துக்கொள்கிறான். அவன் மாங்கொக்கைக் கொல்லவில்லை. அழித்த இனத்துக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். மாண்டவர்கள் மீண்டதும், அவர்களுடைய வெறுப்பால் மட்டுமே நின்றிருந்த அந்த உருவத்துக்கு நிற்க இடமில்லாமல் போகிறது, கரைந்துவிடுகிறான்.

ஐயா சொன்னதுபோல் மாங்கொக்கு வேறொன்றாக மாறவில்லை. ஆனால் கொன்று தீர்க்க முடியாது என்று அவர் சொன்னது சரியாக நடந்தது. தோரின் இத்தனை அடிகளும் கணக்கில் வராமல் போனதுதான் சிறுவயதில் படித்திருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். முப்பதை நோக்கி நகர்ந்துகொண்டிருந்த வயதில் அது பிடித்திருந்தது. ஜாக் கிர்பி 1917-இல் நியூயார்க்கில், ஆஸ்திரியாவிலிருந்து குடியேறிய யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1944-இல் படைவீரராக பிரான்சுக்குப் போய்ப் போர்முனையில் நின்றவர். அழிக்கப்பட்ட ஓர் இனம் மொத்தமும் ஒரே உடம்பில் எழுந்து நடந்து வருவதை வரைந்த கை அது என்பதை அறிந்த பின் அந்தப் பக்கங்களை என்னால் பழைய வேகத்தில் புரட்ட முடிவதில்லை.

பிற்காலத்து எழுத்தாளர்கள் மாங்கொக்கை எடுத்தாண்ட விதத்தில் எனக்கு மனக்குறை உண்டு. 2017-18-இல் ஜேசன் ஆரன் எழுதி ரசல் டாட்டர்மன் வரைந்த கதையில், புற்றுநோயோடு போராடிக்கொண்டிருக்கும் ஜேன் ஃபாஸ்டர் என்னும் பெண்ணே தோராக இருக்கிறாள். சம்மட்டியைத் தொட்டு உருமாறும் ஒவ்வொரு முறையும் அவள் உடம்பில் ஏற்றிய மருந்து பயனற்றுப் போகிறது. தேவர்களுக்கான இறுதித் தீர்ப்பு என்று தன்னைச் சொல்லிக்கொண்டு வரும் மாங்கொக்கை, ஓநாய் ஃபென்ரிசைக் கட்டிய சங்கிலியால் சம்மட்டியோடு பிணைத்துச் சூரியனுக்குள் எறிந்துவிடுகிறாள். ஜேனின் பகுதி நெஞ்சைப் பிழிவது. மருத்துவமனையைச் சுற்றி வளர்ந்த வேலூர்க்காரன் அதைக் கண் கலங்காமல் படிக்க முடியாது. ஆயினும் மாங்கொக்குக்கு அது நியாயமான முடிவாக எனக்குப் படவில்லை. எரித்துவிட்டால் மாண்டவர்களின் வழக்கு என்ன ஆயிற்று?

157-ஐப் படித்த அன்றிரவே ஐயாவுக்கு நீண்ட கடிதம் எழுதினேன். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் இருந்தார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. மாவட்டம் 1989-இலேயே பிரிந்து பெயர் மாறிவிட்டிருந்தும், அனுப்புநர் முகவரியில் 'வ.ஆ. மாவட்டம்', அதாவது வட ஆற்காடு, என்றே எழுதியிருந்தார். நலம் விசாரித்து, கண்புரை அறுவை பற்றி நான்கு வரி எழுதிவிட்டு, இறுதியில் இப்படிக் கேட்டிருந்தார்: "உயிர் திரும்பியவர்கள் ஓடினை மன்னித்துவிட்டார்களா? அதை நீ எழுதவில்லையே."

அதற்குள் நான் பழைய இதழ்களை மேலும் தேடிப் படித்திருந்தேன். 1972 சனவரி தேதியிட்ட 195-ஆம் இதழில் மாங்கொக்கு திரும்பி வந்துவிடுகிறான் என்று மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட்டேன். சிவப்பு மையில் பதில் வந்தது. ஒரே சொல்தான் இருந்தது: "நினைத்தேன்."