மாஸ்டரோட மார்க் நோட்டு

திருப்பூர்ல பிசியோதெரபிஸ்டா வேலைக்கு வந்து 16 வருஷம் ஆச்சு. எங்ககிட்ட வர்றவங்கள்ல பாதிப்பேர் பனியன் கம்பெனி ஆளுங்கதான், ஓவர்லாக் டைலருக்கு முதுகு, செக்கிங் அக்காங்களுக்கு முட்டி, அயர்ன் பண்றவங்களுக்கு தோள்பட்டை, இப்படியே நாள் ஓடிரும். அதனால 2019 டிசம்பர்ல ஒரு கட்டிங் மாஸ்டர் வந்து "அம்மிணி, கட்டை விரல் நம்ம பேச்சு கேக்க மாட்டேங்குதுங்க"ன்னு சொன்னப்ப எனக்கு பெருசா ஒண்ணும் தோணல. கையில எம்ஆர்ஐ வெச்சிருந்தாரு, கழுத்துல டிஸ்க் லேசா பிதுங்கியிருக்குன்னு ரிப்போர்ட். 48 வயசு, முப்பது வருஷமா டேபிள்ல குனிஞ்சு துணி வெட்டுற மனுசனுக்கு கழுத்துத் தேய்மானம் இருக்கத்தான் செய்யும்னு நெனச்சு கழுத்த இழுத்து வைக்கிற ட்ராக்ஷன், கரன்ட் வைக்கிறது, கழுத்து எக்சர்சைஸ்னு ரெண்டரை மாசம் ஓட்டுனேன்.

அந்த ரெண்டரை மாசத்த நான் இன்னும் மறக்கல. வலி இல்ல, மரத்துப்போகல, ஆனா கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை மட்டும் குழி விழுந்துட்டே போச்சு. வலியும் மரமரப்பும் இல்லாம சதை தனியா கரையுதுன்னா கழுத்த மட்டும் பாத்துட்டு இருக்கக்கூடாதுன்னு படிச்சிருக்கேன், பரீட்சையில எழுதியும் இருக்கேன். ஒருநாள் சட்டைய கழட்டிட்டு படுத்திருந்தப்ப தோள்லயும் நெஞ்சுலயும் தோலுக்கு அடியில புழு நெளியற மாதிரி துடிச்சுட்டே இருந்துச்சு. நாக்க நீட்டச் சொன்னேன், அதுலயும் துடிப்பு. அன்னிக்கே ட்ராக்ஷன நிறுத்தி நரம்பு டாக்டருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தேன். அதுக்குள்ள லாக்டவுன் வந்துருச்சு, கோயமுத்தூர்ல ஈஎம்ஜிங்கற நரம்பு-தசை டெஸ்ட் எடுத்து பெங்களூர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரில உறுதி பண்றதுக்கு செப்டம்பர் ஆயிருச்சு. ஏஎல்எஸ்.

மூளையில இருந்து தண்டுவடம் வழியா சதைக்கு உத்தரவு கொண்டு போற நரம்பு செல்லுங்க ஒண்ணொண்ணா சாகற நோய் இது. கை, கால், நாக்கு, தொண்டைன்னு எங்க வேணா ஆரம்பிக்கும், கடைசில மூச்சு விடற தசைக்கு வரும். தொட்டா தெரியும், கண்ணு அசையும். பெரும்பாலானவங்களுக்கு ஆரம்பிச்சதுல இருந்து 3 முதல் 5 வருஷம், பத்துல ஒருத்தர் பத்து வருஷத்த தாண்டுவாங்க. ரிலுசோல்னு ஒரு மாத்திரை 1995ல இருந்து இருக்கு, அது ஆயுச சராசரியா ரெண்டு மூணு மாசம் கூட்டும், அவ்வளவுதான். இதயெல்லாம் டாக்டர் பத்து நிமிஷத்துல சொல்லி அனுப்பிருவாரு, வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் வர்ற கேள்வி எல்லாம் வாரத்துக்கு மூணு நாள் போற எங்கள மாதிரி ஆளுங்ககிட்டதான் வரும். "ஸ்டீபன் ஹாக்கிங் 1963ல இருந்து 2018 வரைக்கும் இருந்தாரே மேடம், எங்கப்பா இருக்க மாட்டாரா"ன்னு மாஸ்டரோட பொண்ணு வாசப்படில நின்னு கேட்டா. அவருக்கு மாதிரி மெதுவா போறது ரொம்ப ரொம்ப அபூர்வம்னு சொல்றதுக்குள்ள எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

நவம்பர் மாசம் மாஸ்டரோட மச்சினன் ஒரு வீடியோவ கொண்டு வந்தாரு. வேற ஊர்ல ஒரு ஆஸ்பத்திரி, ஸ்டெம் செல், அதாவது வேற செல்லா மாறக்கூடிய மூல செல்ல ஏத்தற பேக்கேஜ், முதுகுத்தண்டுல மூணு ஊசி, ஆறரை லட்சம். வீடியோல இருவது இருவத்திரெண்டு வயசுப் பையன் ஒருத்தன், கை மெலிஞ்சுட்டே வந்துச்சாம், ஊசி போட்டதுக்கப்புறம் அதோட நின்னுருச்சாம். எனக்கு அத பாத்ததும் ஹிராயாமாங்கற நோய் ஞாபகம்தான் வந்துச்சு, வயசுப் பசங்களுக்கு ஒரு கை மெலியும், கொஞ்ச வருஷத்துல தானா நின்னுரும், நம்ம நாட்டுல நிறையவே பாக்கறோம். அதே மாதிரி சின்ன வயசுல ஆரம்பிச்சு காதும் கேக்காம போயி ரொம்ப மெதுவா நகர்ற ஒரு வகைய சென்னை டாக்டருங்க 1970லயே எழுதி வெச்சிருக்காங்க, மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்னே உலகம் பூரா பேரு. கை மெலியற எல்லாமே ஏஎல்எஸ் இல்ல, ஏஎல்எஸ்லயும் எல்லாருக்கும் ஒரே வேகம் இல்ல. வீடியோல வந்த பையனுக்கு என்னன்னு வீடியோவ வெச்சு என்னால சொல்ல முடியாது, ஆனா மாஸ்டருக்கும் அவனுக்கும் ஒரே கணக்கு போட முடியாதுன்னு தெரியும்.

அந்த எடத்துல நான் பேசணும்னு முடிவு பண்ணதுக்கு ஒரு காரணம் இருக்கு. 2016ல அவிநாசி பக்கம் ஒரு பெரியவருக்கு இதே நோய், இதே மாதிரி ஒரு பேக்கேஜ். மருந்து பத்தி பேச பிசியோக்கு என்ன உரிமைன்னு நான் வாய மூடிட்டு இருந்துட்டேன். வீட்டு சைட்ட வித்தாங்க. மொத ஊசிக்கப்புறம் பத்து நாள் கை லேசா இருக்குன்னாரு, எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம். ரெண்டாவது ஊசிக்கப்புறம் காய்ச்சலும் தலைவலியும் வந்து ஒரு வாரம் படுத்துட்டாரு. எட்டாவது மாசம் ராத்திரி படுத்தா மூச்சு முட்ட ஆரம்பிச்சப்ப மாஸ்க் வழியா காத்த உள்ள தள்ளி மூச்சுக்கு உதவற பைபாப் மெஷின் வாங்க கையில காசு இல்ல, யாரோ சொன்னாங்கன்னு ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும் வாடகைக்கு எடுத்து வெச்சாங்க. இந்த நோய்ல தளர்றது காத்த இழுத்து வெளிய தள்ற பம்பு, வெறும் ஆக்சிஜன குடுத்தா கார்பன் டை ஆக்சைடு உள்ளயே தங்கி ஆள மயக்கத்துல தள்ளிரும். அவரு அப்படித்தான் போனாரு. அந்த சைட்டுக் காசுல பத்துல ஒரு பங்கு மிஞ்சியிருந்தா மெஷின் வாங்கியிருக்கலாம்னு இன்னிக்கும் எனக்கு தோணும், நான் வாயத் திறந்திருக்கலாம்னும் தோணும்.

அதனால மாஸ்டர் வீட்டுல உக்காந்து தெரிஞ்சதெல்லாம் சொன்னேன். நிரூபிக்காத வைத்தியம்னா பலன் இல்லாம போகலாம், அதோட நிக்காது, கெடுதலும் பண்ணலாம்னு சொன்னேன். மினோசைக்ளின்னு ஒரு சாதாரண ஆன்டிபயாட்டிக், எலிக்கு நல்லா வேலை செஞ்சுச்சுன்னு நம்பி 412 பேருக்கு சோதனை பண்ணாங்க, 2007ல ரிசல்ட் வந்தப்ப அந்த மருந்து சாப்பிட்டவங்க டம்மி மாத்திரை சாப்பிட்டவங்கள விட 25 சதவீதம் வேகமா மோசமாயிருந்தாங்க. 2008ல லித்தியம், இத்தாலில 16 பேருக்கு குடுத்து 15 மாசம் ஒருத்தர் கூட சாகலன்னு சொன்னதும் உலகம் பூரா நோயாளிங்க தானா வாங்கி சாப்பிட ஆரம்பிச்சாங்க, அப்புறம் பெரிய சோதனைங்க பண்ணப்ப ஒரு பலனும் தெரியல. ஸ்டெம் செல்ல ரத்த நோய் மாதிரி ஒரு சில நோய்க்கு தவிர வேற எதுக்கும் காசு வாங்கிட்டு வைத்தியமா குடுக்கக்கூடாதுன்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஐசிஎம்ஆர் 2017லயே வழிகாட்டுதல் போட்டிருக்கு, ஆராய்ச்சின்னு சொன்னா அத அரசாங்க ட்ரையல் பதிவுல ஏத்தியிருக்கணும், அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக்கூடாது. "ட்ரையல் நம்பர் என்னன்னு அவங்ககிட்ட ஒரு போன் போட்டு கேளுங்கண்ணா"ன்னு மச்சினன்கிட்ட சொன்னேன்.

அவரு கேட்டாரா இல்லையான்னு தெரியாது. ஜனவரி 20க்கு தேதி வாங்கிட்டாங்க. நான் சொன்னத கேட்டு மாறிட்டாங்கன்னு எழுதுனா பொய். "சும்மா உக்காந்து பாத்துட்டு இருக்கச் சொல்றியா அம்மிணி"ன்னு மாஸ்டரோட வீட்டுக்காரம்மா அழுதாங்க, அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆதாரம் இல்லன்னு சொல்றது சரிதான், ஆனா அத மட்டும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்தா அந்தம்மா கையில நான் என்ன குடுத்துட்டு வந்தேன்?

அன்னிக்கு குடுத்தது ஒரு நாப்பது பக்க நோட்டு. ஏஎல்எஸ்க்கு 12 கேள்வி இருக்கு, பேச்சு, எச்சில், முழுங்கறது, கையெழுத்து, சாப்பாட்ட கையாளறது, துணி போடறது, கட்டில்ல திரும்பறது, நடை, படி, அப்புறம் மூச்சுக்கு மூணு. ஒவ்வொண்ணுக்கும் 4 மார்க், மொத்தம் 48. மாசம் ஒண்ணாந்தேதி வீட்டுக்காரம்மாவே மார்க் போடணும், பென்சில்ல வேண்டாம் பேனாவுல போடுங்கன்னு சொன்னேன். நவம்பர் 40, டிசம்பர் 39, ஜனவரி 38.

ஜனவரி 20 வந்துச்சு, மச்சினனுக்கு எக்ஸ்போர்ட் பார்ட்டி பேமென்ட் வரல. பிப்ரவரிக்கு தள்ளுனாங்க, அப்பவும் வரல. அந்த சமயம் அந்த வீட்டுல இருந்த கோவத்த என்னால சொல்ல முடியாது, காசு இல்லாததால மனுசன் சாகறான்ற மாதிரி ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாக்க மாட்டாங்க. நோட்டுல பிப்ரவரி 38. மார்ச் 38. ஏப்ரல் 38. இந்த நோய்ல சிலருக்கு மாசக்கணக்குல இப்படி அசையாம நிக்கறதும் உண்டு, ஏன்னு யாருக்கும் சரியா தெரியாது. மே மாசம் 36.

மே மாசம் மார்க் போட்ட அன்னிக்கு மாஸ்டர் நோட்ட மடில வெச்சுட்டு ரொம்ப நேரம் பாத்தாரு, அப்ப பேச்சு குழற ஆரம்பிச்சிருந்துச்சு, நிறுத்தி நிறுத்திதான் சொன்னாரு. "அம்மிணி, ஜனவரில ஊசி போட்டிருந்தா, இந்த மூணு மாசத்துக்கு நானே அந்த வீடியோல உக்காந்து பேசியிருப்பேன்." மச்சினன் ஒண்ணும் பேசல, எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அந்தப் பேமென்ட் ஜூன்ல வந்துச்சு. தேதி வாங்கல. 2022ல காலைல எந்திரிச்சா தலைவலி, ராத்திரி தூக்கம் இல்லன்னு ஆரம்பிச்சதும் அதுலதான் பைபாப் வாங்குனாங்க. தொண்டை தசை ரொம்ப மோசமாகாதவங்களுக்கு இந்த மாஸ்க் மெஷினால ஆயுசு சராசரியா 205 நாள் கூடுனதா 2006ல இங்கிலாந்துல சோதனை பண்ணி சொல்லியிருக்காங்க, அது ரிலுசோல விட ரெண்டு மூணு மடங்கு. மூச்சு ரொம்ப குறையறதுக்கு முன்னாடியே சாப்பாட்டுக்கு வயித்துல ட்யூப் வெச்சுக்கணும்னு சொன்னதுக்கும் மாஸ்டர் ஒத்துக்கிட்டாரு. தண்ணி புரையேறும், ராகிக்கூழ் நல்லா எறங்கும், அதையும் வீட்டுக்காரம்மாவே கண்டுபிடிச்சாங்க.

நான் எல்லாத்தையும் வேண்டாம்னு சொல்றவ இல்ல. சாயங்காலம் வீட்டுக்காரம்மா தைலம் காய்ச்சி கையில காலுல தேச்சு விடுவாங்க, அதுல நோய் நிக்காது, ஆனா இறுகிப்போன சதைக்கும் மாஸ்டர் மனசுக்கும் அந்தக் கை பட்டா வேற. பக்கத்து ஊர்ல யாரோ குடுத்த பஸ்பத்துக்கு மட்டும் பயந்தேன், ரிலுசோல் சாப்பிடறவங்களுக்கு ஏற்கனவே கல்லீரல் டெஸ்ட் பாத்துட்டே இருக்கணும், டாக்டர்கிட்ட காட்டாம குடுக்காதீங்கன்னு சொன்னேன். 2022 செப்டம்பர்ல அமெரிக்கால ரெலிவ்ரியோன்னு புது மருந்துக்கு அனுமதி குடுத்தப்ப பொண்ணு ராத்திரி பதினொரு மணிக்கு போன் பண்ணா. வருஷத்துக்கு ஒரு லட்சத்து அம்பத்தெட்டாயிரம் டாலர். அதுல இருக்கற ரெண்டு பொருள்ல ஒண்ணு டட்கான்னு சப்ளிமென்ட்டாவே கிடைக்குது, வாங்கட்டுமான்னா. அனுமதி குடுத்தது 137 பேர வெச்சு நடந்த சின்ன சோதனைய நம்பித்தான், பெருசு ஒண்ணு நடந்துட்டு இருக்கு, டாக்டர்கிட்ட கேளு, உங்க செலவுக்கு கட்டுப்படியானா பாரு, பைபாப்புக்கும் ஆள் வெக்கறதுக்கும் எடுத்து வெச்சத மட்டும் தொடாதன்னு சொன்னேன். டாக்டரும் சரின்னாரு, வாங்கிக் குடுத்தா. 2024 மார்ச்ல பெரிய சோதனை தோத்துருச்சு, ஏப்ரல்ல கம்பெனியே மருந்த திரும்ப எடுத்துக்கிச்சு. அந்தப் பொண்ணு அன்னிக்கு அழுதா, ஆனா கடன் இல்லாம அழுதா.

இப்ப மாஸ்டருக்கு பேச்சு இல்ல, பகல்லயும் மாஸ்க்தான். கண்ணு நல்லா வேலை செய்யுது. பொண்ணு ஒரு அட்டை செஞ்சிருக்கா, மேல 12 உயிரெழுத்து, கீழ 18 மெய், மொதல்ல மெய்யெழுத்த விரலால தொட்டுட்டே போகணும், கண்ண மூடுனா அதுல நிறுத்தி அப்புறம் உயிரெழுத்து, ம்-முல நிறுத்தி ஊ-வுல நிறுத்துனா மூ. இப்படித்தான் இப்ப வரைக்கும் பிரிண்டிங் யூனிட்டு வாடகைய யார்கிட்ட வாங்கணும்ங்கறது முதக்கொண்டு அவருதான் சொல்றாரு.

போன மாசம் பல்லடத்துல இருந்து ஒரு பையன் மாஸ்டர் வீட்டுக்கு வந்தான், அவங்கம்மாவுக்கு மூணு மாசம் முன்னாடி ஏஎல்எஸ்னு சொல்லியிருக்காங்க, நான்தான் பைபாப் எப்படி வெக்கறதுன்னு பாத்துக்கட்டும்னு கூட்டிட்டு போயிருந்தேன். மெஷின பாத்துட்டு அவன் மெதுவா போன எடுத்தான், வேற ஆஸ்பத்திரி, வேற வீடியோ, நாலு ஊசி. எங்கிட்ட காட்டிட்டு அப்புறம் என்ன நெனச்சானோ மாஸ்டர்கிட்ட காட்டுனான். மாஸ்டர் அத கடைசி வரைக்கும் பாத்தாரு. அப்புறம் அட்டைய பாத்தாரு. பொண்ணு விரல ஓட்டுனா, மூ, ண், உ, மூணு. அடுத்து ம்-முல கண்ண மூடி ஆ-வுல நிறுத்துனாரு. மா-ன்னு பொண்ணு சொல்லி முடிக்கறதுக்குள்ள வீட்டுக்காரம்மா எந்திரிச்சு பீரோ மேல இருந்து அந்த நோட்ட எடுத்துட்டு வந்து பிப்ரவரி பக்கத்த பிரிச்சு அந்தப் பையன் மடில வெச்சாங்க.