முத்தோரை சரிவுல நிலா

சந்திரயான் 3 இறங்கின அன்னிக்கு, 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் 6 மணி 4 நிமிஷம், டீக்கடையில எல்லாரும் போனைப் பார்த்துக் கைதட்டுனோம், எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. ஆனா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் முத்தோரை நெனப்புதான்.

ஊட்டி தாண்டி முத்தோரை பக்கம் போனா, கேரட் தோட்டத்துக்கு மேல சரிவுல வரிசையா பெரிய பெரிய இரும்புச் சட்டம் நிக்கும்ல, அதான் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 சட்டம், அதுமேல நீளவாக்குல 1,100 மெல்லிசான ஸ்டீல் கம்பி. 1970ல ரேடியோ வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் குழு கட்டுனது. ஏன் இங்கன்னா, நம்ம ஊரு அட்சரேகை 11 டிகிரி சொச்சம், அதே அளவு வடக்கு தெற்கா சாஞ்ச மலைச்சரிவு இது, அதனால தொலைநோக்கி திரும்புற அச்சு பூமி சுத்துற அச்சுக்கு இணையா வந்துடுது, ஒரே அச்சுல திருப்பிக்கிட்டே இருந்தா போதும், ஒன்பதரை மணி நேரம் வானத்தைத் தொடர்ந்துக்கிட்டே போகலாம்.

அதைக் கட்டுனதே நிலாவுக்காகத்தான்! தூரத்து கேலக்சில இருந்து ரேடியோ சிக்னல் வரும், ஆனா அது சரியா எந்த இடம், எவ்ளோ பெருசுன்னு அப்ப பிரிச்சுப் பாக்க முடியல. நிலா எந்த நொடி எங்க இருக்கும்னு கணக்கு துல்லியமா தெரியும், அது நகர்ந்து போய் அந்த கேலக்சிய மறைக்கும்போது சிக்னல் அடங்கும், அந்தப்பக்கம் விலகும்போது திரும்ப வரும், அந்த நேரத்தை வச்சே இடத்தையும் அளவையும் கண்டுபிடிச்சாங்க. நிலாவுல காத்து இல்லாததால அதோட ஓரம் கத்தி மாதிரி. மறைக்கிறத வச்சே ஒண்ண கண்டுபிடிக்கலாம்னு யோசிச்சிருக்காங்களே, எனக்கு இதைவிட அழகா எதுவும் தெரியல.

எங்கப்பாவுக்கு நிலான்னா பனிதான், செடியைக் கருக்குற உறைபனி. டிசம்பர்ல நிலா பளிச்சுனு இருந்தா "இன்னிக்கு கொட்டப் போவுது பாப்பா"ன்னு சொல்லிட்டு டார்ச்சோட கெளம்பி, செத்தைய அள்ளிட்டுப் போய் தேயிலையை மூடுவாரு. காலைல மூடாத செடியோட கொழுந்து கருகி, தொட்டா பொடியும். நிலா பனிய கொண்டு வர்றதில்ல, மேகம் இல்லாத ராத்திரில தரையோட சூடு வெளிய போயிடுது, மேகம் இல்லங்கிறத நிலா காட்டிக்குடுக்குது, அவ்ளோதான். அப்பா கணக்கு பெரும்பாலும் தப்பினதே இல்ல.

போன டிசம்பர்ல ஒரு ராத்திரி வெளிய வந்தா ஒரே மிஸ்ட்டு, பக்கத்து வீட்டு லைட்டே தெரியல. அப்பா அண்ணாந்து பாத்துட்டு "நிலாவே காணோம், பனி இல்ல, போய்ப் படு"ன்னாரு. ரேடியோ அலைக்கு மிஸ்ட்டு ஒரு பொருட்டே இல்ல, முத்தோரைல சட்டம் திரும்பிக்கிட்டு இருந்திருக்கும்.