காய்ச்சலுக்குக் காரணம் லூபஸா, கிருமியா?

லூபஸ் (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் ஆளுக்கு ஆள் வைத்தியராகிவிடுவார்கள். பட்டர்வொர்த் வீட்டில் எனக்கு 39 டிகிரி அடித்தபோது, "பழைய நோய்தான், ஸ்டீராய்டைக் கூட்டச் சொல்" என்றார் மாமியார். டிங்கி என்றார் பக்கத்து வீட்டு அக்கா. இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்தது. லூபஸ் சீறினாலும் டிங்கி வந்தாலும் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் குறையலாம். ஆனால் கிருமித் தொற்றாக இருந்து, நோய் எதிர்ப்பை அமுக்கும் ஸ்டீராய்டை மட்டும் கூட்டினால் வினையாகிவிடும்.

அவசரப் பிரிவில் மஞ்சள் மண்டலத்தில், அதாவது ஓரளவு அவசரமானவர்களுக்கான பகுதியில், படுக்கவைத்தார்கள். "வழக்கமாக உங்கள் சி.ஆர்.பி. எவ்வளவு இருக்கும்?" என்பதுதான் அங்கிருந்த இளம் மருத்துவரின் முதல் கேள்வி. உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம் அது. பழைய அறிக்கைகளைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்ததால் உடனே காட்ட முடிந்தது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை இ.எஸ்.ஆர்.; நன்றாக நடமாடும் நாட்களிலேயே எனக்கு அது 50-ஐத் தாண்டி நிற்கும். ரத்தசோகை இருந்தாலே அது ஏறிவிடும். சி.ஆர்.பி.யோ மூட்டுகள் வீங்கிக் கிடந்தபோதும் 10-ஐத் தொட்டதில்லை. முடக்குவாதம் என்னும் மூட்டு நோய் கூடும்போது பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே ஏறும். லூபஸில் சி.ஆர்.பி. மட்டும் அடங்கிக் கிடப்பதுண்டு. உடலில் பெருகும் இன்டர்ஃபெரான் என்ற புரதம், கல்லீரல் அதை உருவாக்குவதைத் தடுப்பது ஒரு காரணமாம். அதனால்தான் அன்று வந்த சி.ஆர்.பி. எண் 148-ஐ மருத்துவர் இரண்டு முறை பார்த்தார்.

நுரையீரல் உறையிலோ இதய உறையிலோ அழற்சி இருந்தால் லூபஸிலும் இந்த எண் எகிறும் என்று மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள், அதில் ஒன்றுமில்லை. டிங்கியும் இல்லை. அடுத்தது புரோகால்சிடோனின் என்ற ரத்தப் பரிசோதனை. பாக்டீரியா தொற்றில் ஏறும் இது, வெறும் லூபஸ் சீற்றத்தில் பெரும்பாலும் 0.5-க்குக் கீழேயே நிற்கும். எனக்கு 3-ஐத் தாண்டியிருந்தது. சிறுநீரில் சீழ் அணுக்கள். முதுகில் விலாவுக்குக் கீழே மருத்துவர் லேசாகத் தட்டியதும் நான் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சிறுநீரகத் தொற்று.

எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த பிறகே ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். ஸ்டீராய்டை நிறுத்தவில்லை, நீண்ட காலம் சாப்பிடுபவருக்குத் திடீரென நிறுத்துவது ஆபத்து. லூபஸுக்காக நான் சாப்பிடும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மைக்கோபினோலேட் மாத்திரையை மட்டும் தள்ளிவைத்தார்கள்.

சி.ஆர்.பி.யின் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான். தொற்று அடங்கியதும் மளமளவென இறங்கியது. இ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்கில் ஆகும் என்று தாதி முன்பே சொல்லியிருந்ததால், வீடு திரும்பும் நாளில் அது 90-இல் நின்றபோதும் நான் பதறவில்லை. பிறகு வந்த சி3, சி4 என்ற எதிர்ப்பு மண்டலப் புரதங்களின் முடிவுகளும் வழக்கமான அளவிலேயே இருந்தன. லூபஸ் சீறியிருந்தால் அவை பெரும்பாலும் சரிந்திருக்கும்.

அடுத்த முறை நிபுணர் கிளினிக்கில் என்னோடு காத்திருந்த அம்மா முடக்குவாதத்துக்கு டோசிலிசுமாப் ஊசி போடுபவர். அந்த மருந்து சி.ஆர்.பி.யையே அமுக்கிவிடும் என்பதால், தொற்று முற்றினாலும் அவருக்கு எண் தாழ்வாகவே இருக்கலாம். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் காட்டும்படி, மருத்துவர் அதைப் பெரிய எழுத்தில் அவருடைய அட்டையிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்.