பன்னிரண்டரைக்கு ஒன்று

நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் தொழில் பழகிய நாட்களிலேயே டர்போவைக் கழற்றி மாட்டுவது எனக்குக் கைவந்த வேலையாகிவிட்டது. சரக்கு லாரிகளின் டீசல் எஞ்சினில், வெளியேறும் புகையால் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் டர்போ என்பது ரேடியேட்டரைப் போல, வாட்டர் பம்பைப் போல, பழுதானால் மாற்ற வேண்டிய ஓர் உறுப்பு. தண்டில் ஆட்டம் இருக்கிறதா, எண்ணெய் கசிகிறதா, இறக்கை உரசியிருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மற்றவை தாமாகத் தெரிந்துவிடும். 2014இல் ஷார்ஜாவின் தொழிற்பகுதியில், கார் எஞ்சின்களின் திறனைக் கூட்டித் தரும் ஒரு கேரேஜில் சேர்ந்தபோது அந்த அனுபவமே போதும் என்று நம்பினேன். டர்போ இல்லாமல் பிறந்த எஞ்சினுக்கு டர்போ வைப்பது வேறொரு தொழில் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது டொயோட்டா 86 என்னும் கார்.

டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி 2012இல் விற்பனைக்கு வந்த கார் அது. நான்கு சிலிண்டர்களும் இருபுறமும் படுத்த நிலையில் இருக்கும் பாக்ஸர் எஞ்சின். கொள்ளளவு 1998 சி.சி.; சிலிண்டரின் விட்டமும் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரமும் 86 மில்லிமீட்டர். 7000 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 7000 சுழற்சியில்) 200 குதிரைத்திறனும், அதற்குச் சற்று முன்னால் 205 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தரும். டர்போவின் துணையில்லாமல், பிஸ்டன் கீழிறங்கும்போது தானே உறிஞ்சும் காற்றை மட்டும் கொண்டு, ஒரு லிட்டருக்கு நூறு குதிரைத்திறன் எடுப்பது எளிய காரியமன்று. அதற்காக அந்த எஞ்சினை வடிவமைத்தவர்கள் கலவையை மிக இறுக்கமாக அமுக்கினார்கள். அதன் அமுக்க விகிதம் பன்னிரண்டரைக்கு ஒன்று; அதாவது, பிஸ்டன் கீழே இருக்கும்போது சிலிண்டரில் உள்ள இடம், அது மேலே வந்ததும் பன்னிரண்டரையில் ஒரு பங்காகச் சுருங்கும். எங்கள் வேலையின் சிரமம் முழுவதும் இந்த ஓர் எண்ணுக்குள் அடங்கியிருந்தது.

காரை வாங்கியவர்கள் அதன் சமநிலையையும் ஸ்டீயரிங்கையும் மனமாரப் புகழ்வார்கள். ஆனால் ஏறத்தாழ எல்லோரும் ஒரு குறையையும் சொல்வார்கள். 3500 ஆர்.பி.எம். தாண்டியதும் இழுவை சற்றுத் தொய்ந்து, 4500க்கு மேல்தான் மீண்டும் எழும். எஞ்சினின் திறனை அளக்கும் டைனோ என்னும் கருவியில் காரை ஏற்றிக் கோடு வரைந்தால் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியும். அதை நிரப்பத்தான் டர்போ வேண்டும் என்று கேட்டு வருவார்கள்.

டீசல் எஞ்சினில் பழகிய எனக்கு இதில் என்ன தடை என்று முதலில் விளங்கவில்லை. டீசலில் சிலிண்டருக்குள் அமுக்கப்படுவது வெறும் காற்று. அமுக்கம் முடியும் தறுவாயில்தான் எரிபொருள் பீய்ச்சப்படுகிறது. எத்தனை காற்றை உள்ளே தள்ளினாலும், தீப்பிடிக்கும் நேரம் நம் கையில் இருக்கிறது. பெட்ரோலில் காற்றும் எரிபொருளும் ஏற்கெனவே கலந்துதான் அமுக்கப்படுகின்றன. பிளக் பொறி விட்டதும் சுடர் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பரவ வேண்டும். அது வந்து சேர்வதற்குள் கடைசி மூலையில் நெருக்கப்பட்டிருக்கும் கலவை, அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே பற்றிக்கொண்டால் அதுதான் நாக்கிங். கேட்பதற்குத் தகர டப்பாவில் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம். கேட்கும் அளவுக்கு அது வந்துவிட்டால், பிஸ்டனின் வளையத்தடம் விண்டுபோகவும் பேரிங் நசுங்கவும் அதிக நேரம் ஆகாது. இதே எஞ்சின் குடும்பத்தில், 2015 மாடல் சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ். காருக்கென டர்போவுடனேயே வடிவமைத்த எஞ்சினில் அமுக்க விகிதத்தை 10.6 ஆகக் குறைத்திருந்தார்கள் என்பதை அறிந்தபோது, நாங்கள் எந்த எல்லையில் நின்று வேலை செய்கிறோம் என்பது எனக்கு உறைத்தது.

இதோடு வளைகுடாக் கோடையும் சேர்ந்துகொள்ளும். எங்கள் கேரேஜில் மின்னணுச் சரிபார்ப்பைக் கவனித்த பிலிப்பைன்ஸ் நண்பர், ஒரு நாள் பழைய பார்சல் அட்டையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். வெளியே 45 டிகிரி. அந்தக் காற்றை அரை பார், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ பாதி, கூடுதல் அழுத்தத்துக்கு டர்போ அமுக்கினால், அதன் செயல்திறன் எழுபது விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், வெளிவரும் காற்று ஏறத்தாழ 100 டிகிரியில் இருக்கும். தண்ணீர் கொதிக்கும் சூட்டில் இருக்கும் காற்றை, பன்னிரண்டரை மடங்கு அமுக்கும் சிலிண்டருக்குள் அனுப்பப் போகிறோம். முன்பம்பருக்குப் பின்னால் அந்தக் காற்றைக் குளிர்விக்க நல்ல அகலமான இன்டர்கூலர் வைத்து 60 டிகிரிக்கு இறக்கினால்தான் அடுத்த பேச்சு என்றார். குளிர்நாட்டில் செய்து காட்டிய எண்களை இணையத்தில் பார்த்துவிட்டு வரும் வாடிக்கையாளர்களிடம், பிறகு பல ஆண்டுகள் அந்தக் கணக்கைத்தான் நான் போட்டுக் காட்டினேன்.

உயர் அமுக்க எஞ்சினில் டர்போ என்பது புதிய துணிச்சல் அல்ல என்பதைப் பின்னால்தான் படித்தேன். 1962இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், டர்போவுடன் விற்கப்பட்ட முதல் கார்களில் ஒன்று. மூன்றரை லிட்டர் வி8 எஞ்சின். அமுக்க விகிதம் 10.25. அந்தக் காலத்து கார்புரேட்டர் நுட்பத்துக்கு அது மிக அதிகம். நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைக் காற்றோடு தெளிக்கும் ஏற்பாட்டை அதில் வைத்தார்கள். திரவம் தீர்ந்தால் டர்போவின் அழுத்தம் தானே குறைந்துவிடும். ஓட்டுநர்கள் அதை நிரப்ப மறந்தார்கள், தொல்லைகள் பெருகின, இரண்டே ஆண்டுகளில் அந்த மாடல் நின்றது; பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரை மாட்டிக் கொடுத்தார்கள். அந்தப் பொறியாளர்களின் எண்ணத்தில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. காப்பு ஏற்பாட்டை ஓட்டுபவரின் நினைவாற்றலை நம்பி வைத்ததுதான் பிழை. ஒரு காரைத் திருப்பித் தரும்போது ‘இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்’ என்று ஏதாவது சொல்ல நேர்ந்தால், வேலை இன்னும் முடியவில்லை என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

நாங்கள் மாற்றியமைத்த முதல் 86 ஆறு வாரங்கள்தான் ஓடியது. சிறிய டர்போ, விரைவாகச் சுழலத் தொடங்குவது, 3000 ஆர்.பி.எம்.மிலேயே முழு அழுத்தமும் வந்துவிடும். வாடிக்கையாளர் முதல் ஓட்டத்திலிருந்து திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்து நாங்களும் மகிழ்ந்தோம். அந்தப் பள்ளம் மறைந்து, அதே இடத்தில் ஒரு மேடு வந்திருந்தது. ஆறாம் வாரத்தில் கார் மீட்பு வண்டியில் வந்தது. பிளாக்கில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்து முறிந்து கிடப்பது தெரிந்தது. பதிவான தரவுகளை மூன்று நாள் புரட்டினோம். நாக்கிங் இல்லை, எரிபொருள் குறையவில்லை, சூடும் எல்லைக்குள்தான் இருந்தது. தவறு எங்களுடையது, எங்கள் எண்ணத்தினுடையது. குதிரைத்திறனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள், அது எந்த வேகத்தில் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்கவில்லை.

எரியும் வாயு பிஸ்டனை அழுத்தும் விசைதான் ராடின் வழியாக முறுக்குவிசையாகிறது. ராடை வளைப்பதும் அதே அழுத்தம்தான். 300 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 3500 ஆர்.பி.எம்.மில் கொடுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 150 குதிரைத்திறன். அதையே 6500இல் கொடுத்தால் 277. ராடு தாங்க வேண்டிய அழுத்தம் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. சொல்லப்போனால் குறைந்த வேகத்தில் அழுத்தம் உச்சத்தில் தங்கும் நேரம் நீள்கிறது. வேகம் கூடும்போது பிஸ்டன் மேலே வந்து நின்று திரும்பும் விசை எதிர்ப்புறம் இழுப்பதால் அந்த நெருக்குதலில் ஒரு பகுதி தணிகிறது. 205 நியூட்டன் மீட்டருக்கென்று அளந்து, எடை குறைத்துச் செய்யப்பட்ட ராடு அது. தனக்கு இட்ட வேலையை அது சரியாகவே செய்தது. கீழ் வேகத்தில் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது நாங்கள். அந்தக் காருக்கு வேறு எஞ்சினைக் கேரேஜ் செலவிலேயே போட்டுக் கொடுத்தோம். ஆனாலும் அதன் உரிமையாளர் மறுபடி எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அதில் நியாயம் இருந்தது.

அதன்பின் வந்த ஒரு காரைத்தான் என் கணக்கில் முதல் வேலையாக எண்ணுகிறேன். துபாயில் வேலை பார்த்த மதுரைக்காரத் தம்பி ஒருவர், தன் 2013 மாடல் 86ஐக் கொண்டுவந்தார். “அண்ணா, முந்நூறு வருமா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. “வரும் தம்பி, எத்தனை நாளைக்கு வேணும்னு சொல்லுங்க” என்றேன். முதல் காரின் முறிந்த ராடை மேசை இழுப்பறையில் வைத்திருந்தோம். அதை அவர் கையில் கொடுத்தேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முந்நூறு குதிரைத்திறன் என்ற பேச்சை அவரே விட்டுவிட்டார்.

எதையும் கழற்றுவதற்கு முன்னால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது எழும் அழுத்தம், பார்த்தோம், காற்று கசியும் அளவும் பார்த்தோம். படுத்திருக்கும் எஞ்சினில் பிளக்கைக் கழற்றுவதே அரை நாள் வேலை; பக்கத்துச் சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே கை நுழைய இடமிருக்காது. ஆனால் தேய்ந்த எஞ்சினுக்கு டர்போ வைப்பது, ஓட்டைப் பானைக்கு மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான். நான்கு சிலிண்டருக்கும் அழுத்தத்தில் 4 பி.எஸ்.ஐ.க்குள்தான் வேறுபாடு இருந்தது. அந்த எண்களைக் குறித்துத் தேதியிட்டு வைத்துக்கொண்டேன்.

மாட்டும் வேலையில் நான் அதிக நேரம் செலவிட்டது எண்ணெய் திரும்பும் வழிக்காகத்தான். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் சுழலக்கூடியது. அது மிதப்பது எண்ணெய்ப் படலத்தின் மேல்தான். உள்ளே போவது அழுத்தத்தோடு போகிறது, ஆனால் வெளியே வரும்போது அது நுரைத்த எண்ணெய். தன் எடையால் மட்டுமே வழிந்தாக வேண்டும். லாரி எஞ்சினில் டர்போ உயரத்தில் இருக்கும், கீழே எண்ணெய்த் தொட்டியான சம்ப் இருக்கும், அகலமான குழாய் ஒன்றை நேராக இறக்கினால் முடிந்தது. இந்தக் காரில் டர்போ தரையை ஒட்டி உட்கார்ந்திருந்தது. சம்ப்பின் எண்ணெய் மட்டத்துக்கும் அதற்கும் உயர வேறுபாடே இல்லை. அதனால் எண்ணெயை இழுத்துத் திருப்பி அனுப்பத் தனியாக ஒரு சிறிய மின்பம்பு வேண்டியிருந்தது. அந்தப் பம்பு நின்றால் ஐந்து நிமிடத்தில் டர்போ புகை கக்கும். ஜெட்ஃபயரின் பாடம் நினைவில் இருந்ததால், பம்புக்கு மின்சாரம் தடைப்பட்டால் எஞ்சின் கணினியே காற்று நுழையும் வழியான திராட்டிலைக் குறைக்கும்படி கம்பி இழுத்தோம். டர்போவோடு தொகுப்பாக வந்த கிட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

மற்றவை வழக்கமான வேலைகள்: இன்டர்கூலர், எண்ணெய்க் குளிர்விப்பான், ஒரு படி குளிர்ந்த பிளக், கனமான கிளட்ச். ஒவ்வொரு ரப்பர் ஹோஸையும் மாட்டும் முன் உட்புறம் வெள்ளைத் துணியால் துடைத்தேன். வெட்டிய குழாயின் ஓர் உலோகத் துகள் போதும், டர்போவின் இறக்கையைத் தின்றுவிடும்.

டைனோ வேலையை இரவில் வைத்துக்கொண்டோம். பகலில் கேரேஜுக்குள் அனலில் எந்த அளவீடும் நிலையாக நிற்காது. மாற்றத்துக்கு முன் சக்கரத்தில் 168 குதிரைத்திறன் வந்திருந்தது. பெட்ரோல் 98 ஆக்டேன்; இந்த எண் கூடக்கூட நாக்கிங்கைத் தாங்கும். ஆனால் ஊருக்கு வெளியே 95 மட்டும் கிடைத்தாலும் தாங்க வேண்டும் என்று, கடைசி நான்கு சோதனைகளை 95இல் செய்தோம். முழு அழுத்தத்தில் கலவையில் எரிபொருளைச் சற்று மிகுதியாக வைத்து, பொறியை வழக்கத்தைவிடப் பல டிகிரி தாமதப்படுத்தினார் நண்பர். 4500 வரை அழுத்தம் மெல்ல ஏறும்படி புகையை டர்போவின் சக்கரத்தைச் சுற்றித் திருப்பிவிடும் கதவான வேஸ்ட்கேட்டைத் திறந்தே வைத்திருந்தோம். அதன்பின் 300 நியூட்டன் மீட்டரில் நேர்கோடு. கிடைத்தது சக்கரத்தில் 233. இன்னும் இருபது எடுத்திருக்கலாம். தம்பி கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. கீழ் வேகத்துப் பள்ளம் முழுதும் நிரம்பவில்லை, சரிவாக மாறியிருந்தது. அந்தக் கோட்டை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டர்போ வந்ததே தெரியாமல், எஞ்சின் வளர்ந்துவிட்டது போலிருந்தது அந்தக் கோடு.

பனிக்காலத்தில் துபாய் ஆட்டோட்ரோம் பந்தயத் தடத்தில் ஒரு நாள் முழுதும் ஓட்டினார். நானும் கூடப் போயிருந்தேன். ஒவ்வொரு முறை வேகமாக ஓட்டி முடித்ததும், மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, உள்ளே வந்து இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் சாவியைத் திருப்பினார். சிவந்திருக்கும் டர்போவில் எண்ணெய் ஓட்டம் நின்றால், தேங்கியது அங்கேயே கரியாகிப் படியும் என்பதால், நின்ற பிறகும் பம்பு சற்று நேரம் ஓடும்படி நாங்கள் வைத்திருந்தோம். ஆகவே அவர் மறந்தாலும் பாதகமில்லை. அவரோ ஒருமுறையும் மறக்கவில்லை.

இரண்டரை ஆண்டுகள் கழித்து, வேலை மாறி ஊருக்குத் திரும்புவதற்கு முன் காரை விற்கப் போவதாகச் சொல்லி, ஒருமுறை பார்த்துத் தரக் கேட்டார். பிளக்குகளைக் கழற்றினேன். பீங்கான் நான்கிலும் வெளிர் பழுப்பு. எங்கும் கரும்புள்ளி இல்லை, அலுமினியத் துகள் ஒட்டவில்லை. கம்ப்ரெஷன் மீட்டரை மாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்து, பழைய தாளை எடுத்து அருகில் வைத்தேன். மூன்றாம் சிலிண்டர் மட்டும் 3 பி.எஸ்.ஐ. இறங்கியிருந்தது; மற்ற மூன்றும் அன்றைக்குக் குறித்து வைத்தபடியே நின்றன. இரண்டு தாளையும் சேர்த்து மடித்து அவரிடம் கொடுத்து, வாங்குபவரிடம் சேர்க்கச் சொன்னேன்.