மூன்று வயது வாண்டும் பனிச்சறுக்கும்

சின்னப் பிள்ளையோடு பனிச்சறுக்குக்குக் கிளம்புகிறவர்கள், அங்கே எத்தனை கிலோமீட்டர் சரிவு இருக்கிறது என்று பார்ப்பதை முதலில் விடுங்கள், அதில் பாதிகூட நீங்கள் இறங்கப் போவதில்லை. அறையிலிருந்து பனி வரைக்கும் எவ்வளவு தூரம் பிள்ளையையும் பூட்ஸையும் தூக்கிக்கொண்டு நடக்கவேண்டும், அதுதான் கணக்கு. ஆஸ்திரியாவில் செர்ஃபாவுஸ் எங்களுக்குப் பிடித்துப்போனதே இதனால்தான். ஊருக்குள் கார் தொல்லை கிடையாது, 1985-லிருந்து ஒரு குட்டிச் சுரங்க ரயில் ஓடுகிறது, டிக்கெட்டும் இல்லை, நேரே கேபிள்கார் பக்கத்தில் இறக்கிவிடும். வாண்டுகளுக்குத் தனி மைதானம், ஏறி நின்றால் மேலே கொண்டுபோகும் நகரும் பட்டை.

எங்கள் ஆளுக்கு உடுப்பு மாட்ட 20 நிமிடம். சறுக்கியது 10 நிமிடம். அப்புறம் "அப்பா, உச்சா". சரி, கழிப்பறை எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.