இரவல் நிலநடுக்கம்

வன்னியில் நிலநடுக்கக் கணக்குப் பார்க்கிறேன் என்றால் சிரிக்காதவர்கள் குறைவு. வெள்ளம் வரும், வறட்சி வரும், நிலம் எப்போது ஆடியது என்பார்கள். 2024 ஜூனில் வவுனியாப் பக்கம் 2.3 அளவில் சிறு அதிர்வு பதிவானபோது அந்தச் சிரிப்பு சில நாள் அடங்கியது.

எங்களிடம் வந்தது கிளிநொச்சிப் பக்கத்துத் தண்ணீர்த் தாங்கி ஒன்றின் வடிவமைப்பைச் சரிபார்க்கும் வேலை. தாங்கி என்றாலே ஏ-9 வீதியோரம் சரிந்து கிடந்ததுதான் இங்கே எல்லோர் நினைவிலும் வரும். அதை வீழ்த்தியது போர், பூமி அல்ல.

நடுக்கத்தில் தாங்கி நொடிக்கு நொடி எப்படி ஆடும் என்று பார்க்கும் நேரவழிப் பகுப்பாய்வுக்கு உண்மையான நிலஅதிர்வுப் பதிவு வேண்டும். கட்டடத்தை உலுக்கும் அளவுக்கு அருகில் பதிந்த நடுக்கம் நம்மிடம் இல்லை. ஆகவே இரவல் வாங்குகிறோம். எல்லோரும் முதலில் எடுப்பது கலிபோர்னியாவில் பதிந்த 1940 எல் சென்ட்ரோ நடுக்கம். எங்கள் பயிலுநரும் அதைத்தான் எடுத்தார். அதன் உச்ச முடுக்கம் ஏறத்தாழ 0.35 ஜி (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), எங்கள் இலக்கு 0.1 ஜி. 0.29 ஆல் பெருக்கிவிட்டு, "முடிந்தது சேர்" என்றார்.

பெருக்கல் சரி. ஆனால் பெருக்கினால் அலையின் உயரம்தான் மாறும். எவ்வளவு நேரம் ஆடியது, எந்த அதிர்வெண்ணில் ஆடியது என்பவை அப்படியே இருக்கும். எல் சென்ட்ரோ 6.9 அளவிலான நடுக்கம். வவுனியாவின் அடியில் கிடப்பதோ புவியியலாளர் வன்னித் தொகுதி என்றழைக்கும் பழம்பாறை. இங்கே அஞ்ச வேண்டியது அருகில் எழும் நடுத்தர நடுக்கத்தை: சில வினாடிகளே நீடிக்கும், வெடுக்கென்று அடிக்கும். ஐரோப்பிய நிலநடுக்க வடிவமைப்பு விதிநூலான யூரோகோட் 8 இன் 2004 பதிப்பு இதற்கென்றே, அளவு 5.5 ஐத் தாண்டாத இடங்களுக்கு, இரண்டாம் வகை நிறமாலையைத் தருகிறது. நிறமாலை என்பது, ஒரு கட்டடம் ஒரு முறை ஆடி மீளும் நேரத்தைப் (அலைவுக்காலம்) பொறுத்து அது எவ்வளவு முடுக்கம் பெறும் என்று காட்டும் வளைகோடு. பாறை நிலத்தில் அதன் உச்சியிலுள்ள தட்டையான மேடு 0.25 வினாடியிலேயே முடிந்துவிடும். முதல் வகையில் 0.4 வரை போகும்.

நீர் நிறைந்த எங்கள் தாங்கியின் அலைவுக்காலம் ஏறத்தாழ 1.5 வினாடி. உச்ச முடுக்கம் அதற்கு எதையும் சொல்லாது. எல் சென்ட்ரோவின் வளைகோட்டையும் எங்கள் இலக்கான இரண்டாம் வகை வளைகோட்டையும் ஒரே தாளில் போட்டுக் காட்டினேன்: 1.5 வினாடியில் சுருக்கிய எல் சென்ட்ரோ இலக்குக்கு மேலே, 0.2 வினாடியில் கீழே. தாங்கிக்குக் கூடுதல் கம்பி விழும். "பாதுகாப்புத்தானே" என்று விட்டுவிடுவார்கள். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். அதே கோப்பு அடுத்த மாதம் ஒரு மாடிப் பள்ளிக்கூடக் கணக்குக்குள் போகும். அதன் அலைவுக்காலம் 0.2 வினாடிப் பக்கம்; அங்கே எல் சென்ட்ரோ விசையைக் குறைவாகச் சொல்லும்.

ஆகவே முதலில் பதிவைத் தெரிவு செய்ய வேண்டும், பிறகுதான் பெருக்க வேண்டும். அலைவுக்காலத்தின் 0.2 மடங்கிலிருந்து 2 மடங்கு வரை, பதிவுகளின் சராசரி நிறமாலை இலக்கின் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. ஏழு பதிவுகள் இருந்தால் விடைகளின் சராசரியை எடுக்கலாம். பெருக்கெண் 4 ஐத் தாண்டினால் எனக்குப் பதிவின் மீதே சந்தேகம் வரும். நிறமாலையோடு ஒட்ட வைக்கும் மென்பொருளையும் நான் அதிகம் நம்புவதில்லை; எல்லாக் காலத்திலும் இலக்கோடு பொருந்தும் நடுக்கத்தை இயற்கை செய்வதில்லை.

தாங்கிக்குள் தளும்பும் நீரின் காலம் சில வினாடிகள். அப்படி மெதுவாக ஆட்டுபவை தூரத்துப் பெருநடுக்கங்கள்; அவற்றையும் தனியே சேர்த்தோம். 2001 இல் பூஜ் நடுக்கம் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் மாடிக் கட்டடங்களைச் சாய்த்தது. முல்லைத்தீவுக்கு 2004 சுமாத்திரா நடுக்கம் கடலாகத்தான் வந்தது என்றாலும், இந்த இனத்தை விட்டுவிட முடியாது.

அறிக்கையைப் பார்த்தவர் முதலில் கேட்டது, "எல் சென்ட்ரோ எங்கே?" என்பதுதான். அதன் வளைகோட்டையும் புள்ளிக்கோடாக வரைந்து பின்னிணைப்பில் சேர்த்து அனுப்பினோம்.