செப்டம்பர்: டேட்டம், வெப்ஸ்டர், இவர்

செப்டம்பர் 8, திங்கள்
ஆஸ்பத்திரியில் இருக்கிற இவரின் பரிசோதனை முடிவு வரவில்லை. வெள்ளிக்கிழமை என்றார்கள். இப்போது அடுத்த கிழமையாம்.

செப்டம்பர் 9
நித்திரை இல்லை. எழும்பி இவரின் ஜாஸ் இசைத்தட்டுகளில் ஒன்றை எடுத்துப் போட்டேன். ஆர்ட் டேட்டம் பியானோ, பென் வெப்ஸ்டர் சாக்ஸபோன். கறுப்பு லேபிள், வெர்வ் கம்பனி, ட்ரம்பெட் ஊதுகிற ஆளின் சின்னப் படம். இந்த வீட்டில் எத்தனையோ வருடமாகக் கேட்கிற சத்தம்தான். ஆனால் நான் அதைச் சமைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேனே தவிர இருந்து கேட்டதில்லை.

வெப்ஸ்டர் சுரத்தை விட்ட பிறகும் ஊதுகிறார். சுரம் போய்விடுகிறது, வெறும் காற்று மட்டும் குழாய்க்குள்ளால் இன்னும் கொஞ்சம் வருகிறது. அது அவருடைய மூச்சா, தட்டில் ஏறின தூசியா? ஊசியைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்துக் கேட்டேன். பிடிபடவில்லை. விடிந்துவிட்டது.

செப்டம்பர் 10
இவரிடம் சொன்னேன். ஸ்கேனைப் பற்றிக் கேட்டால் முகட்டைப் பார்க்கிற மனிதர், மூக்கில் ஒட்சிசன் குழாயோடு நிமிர்ந்து இருந்துவிட்டார்.

"மோனோ பொத்தானை அழுத்தினீரா?"

எந்தப் பொத்தான் என்றேன். அவ்வளவுதான், பாடம் தொடங்கியது. அது மோனோத் தட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே சத்தம், பாடல் முழுக்க ஊசியின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. எங்களிடம் இருப்பது ஸ்டீரியோ ஊசி, மேலும் கீழும் ஆடுவதையும் சத்தமாக்கிவிடும். அந்த ஆட்டத்தில் பாட்டு இல்லை, அழுக்கு மட்டும்தான். பொத்தானை அழுத்தினால் அந்தப் பங்கு தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும். சொல்லி முடிக்க இரண்டு தரம் நிறுத்தி மூச்செடுத்தார். தாதி வந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

செப்டம்பர் 11
உள்ளுறையில் இவரின் பென்சில் எழுத்து: 11.9.56. அதற்குக் கீழே 5.11.56. வேறொன்றும் இல்லை.

தேடிப் பார்த்தேன். முதலாவது, லொஸ் ஏஞ்சலிஸில் இதைப் பதிவு செய்த நாள். இரண்டாவது, அதே ஊரில் டேட்டம் செத்த நாள். சிறுநீரகம். வயது 47. இடையில் ஐம்பத்தைந்து நாள். விரல் விட்டு எண்ணினேன், கலண்டரிலும் எண்ணினேன்.

ஏன் மனிசன் இதை எழுதிவைத்தார்? எப்போது எழுதினார்? பென்சில் புதிதா பழையதா என்று லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்க்கிறேன், பைத்தியம் மாதிரி.

செப்டம்பர் 12
ஐம்பத்தைந்து.

செப்டம்பர் 13
மச்சாள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு வந்தாள். "நீ பாட்டுப் போட்டுக்கொண்டு இருக்கிறாய்" என்றாள். ஓம், இருக்கிறேன். புட்டு நல்லாயிருந்தது.

அவள் போன பிறகு முழுத் தட்டையும் கேட்டேன். இந்த டேட்டத்துக்குக் கண் பார்வை அநேகமாக இல்லை. விரல் மட்டும் நிற்கவே நிற்காது. ஒரு சுரம் வைக்கிற இடத்தில் இருபது வைக்கிறார். கூட வாசிக்கிறவர்களுக்கு இவரோடு சேர்வது பெரும்பாடு என்று சொல்வார்களாம், கேட்கவே விளங்குகிறது. இன்னொரு ஆள் என்றால் தானும் ஓடிப்பார்த்திருப்பார். வெப்ஸ்டர் ஓடவில்லை. பியானோ ஓடி முடியும்வரை பேசாமல் நிற்கிறார், பிறகு வந்து மெட்டை மட்டும் ஊதுகிறார், அநேகமாக எழுதியிருக்கிறபடியே. அவரும் ஒரு காலத்தில் பியானோக்காரர்தான். டெக்சஸில் அமரில்லோ என்ற ஊரில் மௌனப் படங்களுக்கு வாசித்தவர். இருவரும் 1909இல் பிறந்தவர்கள். எதிரில் இருக்கிற மனிதரின் விரல்களைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சிறுநீரகத்தைப் பற்றித் தெரியுமா? அதுதான் எனக்கு வேண்டும். அதை எவரும் எழுதிவைக்கவில்லை.

செப்டம்பர் 14
தட்டுகளை விற்கச் சொல்கிறார். ஏன் என்றேன். வீட்டில் இடம் வேணும் என்றார். எதற்கு இடம் என்றேன். சத்தம் போட்டேன் போல. பக்கத்துக் கட்டில் கிழவர் தன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

செப்டம்பர் 16
தட்டைக் கழுவினேன். இஸ்திரிப் பெட்டிக்கு ஊற்றுகிற கனிமம் நீக்கிய தண்ணீர், பாத்திரம் கழுவுகிற திரவம் ஒரு சொட்டு, மெல்லிய தூரிகை. வட்டத்தோடேயே போக வேணும், குறுக்கே போகக் கூடாது. லேபிளில் ஈரம் படக் கூடாது. எல்லாம் அவர் கட்டிலில் இருந்து சொன்னது. கொஞ்சம் ஸ்பிரிட் விட்டாலும் பரவாயில்லையாம், ஆனால் பழைய எழுபத்தெட்டுச் சுற்று அரக்குத் தட்டுகளுக்குக் கிட்டவும் கொண்டுபோகாதேயும், அரக்கு கரைந்துவிடும் என்றார்.

காயவைத்து, பொத்தானை அழுத்திப் போட்டேன். பொரிகிற சத்தம் பாதிக்கு மேல் போய்விட்டது. காற்று போகவில்லை. அது வெப்ஸ்டர்தான்.

அப்புறம் வேறொன்று பிடித்துக்கொண்டது. விடுகிற மூச்சுத்தானே கேட்கிறது. இழுக்கிற மூச்சு எங்கே?

செப்டம்பர் 17
தொலைபேசியில் இவர் மூச்சை இழுக்கிறது மட்டும்தான் கேட்கிறது.

செப்டம்பர் 18
சோதிக்க எடுத்த சதைத் துண்டு போதாதாம். திரும்ப எடுக்க வேணுமாம். இதைச் சொல்ல இத்தனை நாள். மகளுக்குப் போன் அடித்துச் சொன்னேன், அவள் அழுதாள். நான் அழவில்லை, வாசலில் இருந்த மெஷினில் கோப்பி வாங்கிக் குடித்தேன். கேவலமான கோப்பி.

செப்டம்பர் 20
அசிஸ்டென்ஸ் மயானத்துக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். குறுக்கு வழி, வேறொன்றுமில்லை. ஆனால் வெப்ஸ்டரின் சாம்பல் அங்கேதான் இருக்கிறது. 1973இல், இதே நாளில், ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். கொப்பன்ஹேகனில் வீடு இருந்ததால் இங்கே கொண்டு வந்தார்கள். 1964 முடிகிற நேரம் அமெரிக்காவை விட்டு வந்தவர், ஒரு தரம்கூடத் திரும்பிப் போகவில்லை. தெற்கே அவர் பெயரில் ஒரு தெரு இருக்கிறது, நாங்கள் அங்கே வாடகைக்கு வீடு பார்த்திருக்கிறோம். விலை கட்டவில்லை.

ஆள் வயதில் மூத்துப் பருத்துப்போய் இருந்தாராம். நன்றாகக் குடிப்பாராம். டேட்டத்துக்குப் பிறகு பதினேழு வருடம் இருந்தார். பதினேழு நல்ல எண். பதினேழு தந்தால் போதும்.

செப்டம்பர் 22
தட்டு வாங்குகிறவன் வந்தான். சின்னப் பொடியன், மரியாதையானவன். ஒவ்வொன்றையும் சரித்துப் பிடித்து, லேபிளுக்குப் பக்கத்து வெறும் வட்டத்தில் கீறியிருக்கிற எண்ணை போன் வெளிச்சத்தில் படித்தான். வெர்வ் கம்பனியை எம்ஜிஎம்முக்கு விற்க முன்னம் வந்த தட்டு ஏதாவது இருக்கிறதா என்றான். இல்லை என்றேன். அது அலுமாரியில், சேலைகளுக்குக் கீழே.

ஒன்றும் விற்கவில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 24
உள்ளுறையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்டேன்: எப்போது எழுதினது? "வாங்கின அன்றைக்கு" என்றார். மூத்தவள் பிறக்க முன்னம். ஏன் எழுதினீங்கள்? "தெரிஞ்சிருக்க வேண்டிய விஷயம்தானே." அவ்வளவுதான் பதில். ஜெலியை முழுக்கச் சாப்பிட்டார்.

செப்டம்பர் 25
பத்தரைக்கு இரண்டு பேரையும் வரச் சொல்லி அழைப்பு. இரண்டு பேரையும் என்று ஏன் சொன்னார்கள்? அவரின் கண்ணாடி, சார்ஜர், நீலக் கோப்பு. மச்சாள் கீழே கார் ஹோர்ன் அடிக்கிறாள். மிச்சம் இரவைக்கு.